மணலும் அணையும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து வடக்கே நோக்கினால், இரண்டு ஆறுகளுக்கு நடுவே தென்னந்தோப்புகளும் கோபுரங்களுமாகத் திருவரங்கத் தீவு தோன்றும். நகருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், தீவின் கிழக்கு முனையில் மீண்டும் அதனை நெருங்கி வருகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. அது கடலை நோக்கி நேரே விரைவது. தடுப்பார் இல்லையேல் காவிரியின் நீரையெல்லாம் அதுவே கவர்ந்து சென்றுவிடும். தஞ்சைக் கழனிகள் காயும்.

அந்தக் கிழக்கு முனையிலேதான் கரிகாற் சோழன் கட்டியதாக வழங்கும் கல்லணை நிற்கின்றது. அங்கே அடியில் பாறை இல்லை. எவ்வளவு தோண்டினாலும் மணலே. ஆகவே பெருங்கற்களை மணல்மேல் இட்டு அவற்றைத் தாமே புதையவிட்டனர்; அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கிக் களிமண்ணால் பிணைத்தனர். ஆழங்காண இயலாத மணலில் அடித்தளம் இடும் முறையை இவ்வணையிடமே கற்றதாக ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். பின்னாளில் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியவர் அவரே.

ஆனால் ஆறு ஓரிடத்தில் நிற்கும் பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணலால் மேடிட்டது. கொள்ளிடமோ மேலும் ஆழ்ந்தது. காட்டன் கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்தார். 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அதன் விளைவோ எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இப்போது காவிரியில் அளவுக்கு மீறிய நீர் புகுந்து படுகையை அரிக்கலாயிற்று. எனவே 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிலும் ஒரு கட்டுமானம் எழுப்பவும் நேர்ந்தது. அணை கட்டியதைப் புகழ்வோர் பலர்; எனக்கோ அதை விடாது திருத்தியதே பெரிய செயலாகப் படுகின்றது.

ஊர்தோறும் மக்களும் தம் பங்கைச் செய்தனர். வாய்க்காலைத் தூர்வாருவதும், உடைந்த கரையை அடைப்பதும் குடிமராமத்து எனப்பட்டன. அவ்வழக்கம் தளர்ந்தபோது, 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றிற்று. மனமுவந்து செய்த வேலையைச் சட்டத்தால் மீட்பது எளிதா என்ன?

2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியிருந்தபோது, மேலணையின் ஒன்பது மதகுகள் சரிந்து வீழ்ந்தன. அதே மாதத்தில் திருவரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. முதுமையும் வெள்ளமும் காரணம் என்றனர் சிலர். பல்லாண்டுகளாக லாரி லாரியாக மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்து அடித்தளம் வெளிப்பட்டதே காரணம் என்றனர் வேறு பலர். மணலில் புதைந்து நிற்குமாறு அமைத்த கட்டுமானத்துக்கு அந்த மணலே துணை என்பதைக் கருதுங்கால், பின்னவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

பழைய அணைக்கு அருகே புதிய கதவணை எழுந்துவிட்டது. பணம் இருந்தால் மதகை மீண்டும் கட்டலாம். இழந்த மணலோ மேலிருந்து வெள்ளத்தோடுதான் வந்து சேரவேண்டும். அவ்வாறு வரும் மணலின் பெரும்பகுதியை 1934 முதல் மேட்டூர் அணை தன் நீர்த்தேக்கத்திலேயே நிறுத்திக்கொள்கின்றது.