முக்தாம்பாள் கேட்டது



நம்ம குழுப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழியில் இருக்கிறது. மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. அவர் அன்பு வைத்திருந்த முக்தாம்பாள், சாகும் தறுவாயில், "என் பேர்ல ஒரு சத்திரம் கட்டுங்க" என்று கேட்டாராம். வாசலில் யானையும் குதிரையும் ரதம் இழுக்கிற மாதிரி கல்லில் செய்திருக்கிறார்கள். பிற்காலத்தில் மாணவர் விடுதியாகவும் இருந்தது.

ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்கு இங்கே சோறு போட்டார்கள். 1801-இல் சரபோஜி வெள்ளைக்கார அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தஞ்சைச் சத்திரங்களில் நோயாளிக்கு மருந்து, பச்சைக் குழந்தைக்குப் பால், வழியில் பிரசவமான பெண்ணுக்குப் பராமரிப்பு எல்லாம் உண்டு என்று எழுதினாராம். கூட வந்த டீச்சர் சொன்னார்.

அதைக் கேட்டதும் என் கண் கலங்கிவிட்டது. மூத்தவள் பிறக்கும் முன்னால், நிறைமாத வயிற்றோடு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் சுடுதண்ணி கொடுக்கக்கூட ஆள் இல்லை.

நம்ம கூட்டமைப்புக் கட்டிடத்தில் ஒரு அறை சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது? பிரசவத்துக்கு டவுனுக்கு வருகிற பெண்கள் தங்கட்டுமே. அடுத்த கூட்டத்தில் இதை வைக்கப் போகிறேன். எல்லோரும் கை தூக்குங்கள்.