கினிப்பன்றி வளர்ப்பு

கினிப்பன்றி என்பது கொறிக்கும் பிராணிகளின் வரிசையில் கேவிடே குடும்பத்தைச் சேர்ந்த, வால் புறத்தே தெரியாத சிறிய பாலூட்டியாகும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிரதேசத்து மக்கள், இன்றைய பெரு, பொலிவியா முதலிய நாடுகள் அமைந்த நிலப்பரப்பில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை இறைச்சிக்காகப் பழக்கினர். ‘கூய்’ என்னும் பெயரால் அங்கே இன்றும் இது உணவாகிறது. 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்த பின்னரே இது செல்லப் பிராணியாயிற்று.

இயல்பு: வளர்ந்த கினிப்பன்றி 20 முதல் 25 செ.மீ. நீளமும், ஏறத்தாழ 700 முதல் 1200 கிராம் எடையும் உடையது. நன்கு பேணப்பட்டால் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை ஜீவித்திருக்கும். ஆதலால், பத்து வயதுச் சிறுமியின் ஆசைக்காக வாங்கும் பிராணி அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலத்திலும் வீட்டில் இருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் முன்னரே எண்ணிப் பார்த்தல் நன்று. பிற விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலின் அச்சம் இதன் பிறவிச் சுபாவம். திடீர்ச் சத்தம் கேட்டால் அசைவற்று நிற்கும், அல்லது ஓடி ஒளியும். கூட்டமாக வாழ்வது இதன் இயற்கையாதலால் ஒன்றைத் தனியே வளர்ப்பது தகாது. சுவிட்சர்லாந்தில் சட்டமே இதற்குத் துணை வேண்டுமென விதிக்கிறது. இரு பெண்களையோ, விதை நீக்கிய ஓர் ஆணுடன் பெண்களையோ சேர்த்து வைக்கலாம். முயலோடு சேர்த்து அடைத்தலாகாது.

இருப்பிடம்: இரண்டு பிராணிகளுக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடித் தளப்பரப்பு தேவை, இவை ஏறுவனவல்ல, ஓடுவனவாதலின் உயரத்தைவிடப் பரப்பே முக்கியம். கம்பி வலைத் தளம் பாதங்களைப் புண்ணாக்கும். ஆகையால் தட்டையான தளத்தின்மீது தூசியில்லாத காகிதத் துகளையோ மெத்தென்ற துணியையோ விரித்து, ஈரமான பகுதியை நாள்தோறும் அகற்றி, முழுவதையும் வாரம் ஒருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒளிந்துகொள்ள ஒரு சிறு மறைவிடம் அவசியம். குளிரைவிட உஷ்ணத்தால் இவற்றுக்கு நேரும் கேடு பெரிது: 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலை உகந்தது, 30 பாகையை நெருங்கினால் வெப்பத்தாக்கு நேர்ந்து உயிருக்கே அபாயமாகலாம். எனவே, நம் சமவெளிகளின் கோடையில் குளிர்சாதன வசதியோ, குறைந்தபட்சம் நிழலும் காற்றோட்டமுமுள்ள குளிர்ந்த அறையோ அமைத்துத் தர இயலாதவர் இப்பிராணியை வளர்க்க முற்படாதிருத்தலே உசிதம்.

ஆகாரம்: இதன் பற்கள் இருபதும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, அவை தேயவும் குடல் இடையறாது இயங்கவும் உலர்ந்த புல் எந்நேரமும் கிடைத்தல் வேண்டும். போஷாக்குக் குறைந்த வைக்கோல் அதற்கு ஈடாகாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால் குட்டிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதேயன்றி, வளர்ந்தவற்றுக்கு நாள்தோறும் இடத்தக்கதன்று. மனிதனைப் போலவே கினிப்பன்றியும் வைட்டமின் சியைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. 1907இல் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் நார்வே அறிஞர் இருவர் தானிய உணவு மட்டும் அளித்த கினிப்பன்றிகளில் ஸ்கர்வி நோயைத் தோற்றுவித்துக் காட்டியமையே அவ்வைட்டமினைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. குடைமிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவற்றை அன்றாடம் அளவாகவும், கொய்யாத் துண்டை எப்போதேனும் சிறிதாகவும் தந்தால் அக்குறை நேராது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, வெண்ணெய்ப்பழம், இனிப்புப் பண்டங்கள் ஆகியன விலக்கத்தக்கவை. நீர் நாள்தோறும் மாற்றப்படல் வேண்டும்.

குழந்தைகளும் கினிப்பன்றியும்: பிராணியைத் துரத்திப் பிடிப்பதும் மேலிருந்து திடீரெனப் பற்றுவதும் அதன் நம்பிக்கையைக் கெடுக்கும். சிறுவர் தரையில் அமர்ந்துகொள்ள, பெரியவர் ஒரு கையை மார்பின் கீழும் மறு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்துத் தூக்கி அவர்கள் மடியில் வைத்தல் முறையாகும். சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியக்கூடும். தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கம் வேண்டும். படர்தாமரை இப்பிராணியிலிருந்து மனிதருக்குத் தொற்றுவது. புல் நிரப்புவதும், கீரை கழுவித் தருவதும், வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைப்பதும் சிறுவர் செய்யத்தக்க பணிகள். ஆயினும் பொறுப்பு முழுவதும் பெரியவரைச் சார்ந்ததே.

இனப்பெருக்கம்: கர்ப்பகாலம் 59 முதல் 72 நாட்கள். குட்டிகள் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறந்து, சில நாட்களிலேயே புல் கொறிக்கத் தொடங்கும். மிக இளமையிலேயே பருவமடைவதால் ஆண் குட்டிகளை மூன்று வாரங்களில் பிரித்துவிடல் வேண்டும். முதல் ஈற்று ஆறேழு மாத வயதுக்கு மேல் தாமதித்தால் இடுப்பெலும்பு இணைப்பு இறுகிப் பிரசவம் ஆபத்தாகக்கூடுமாகையால், விளையாட்டாக ஈனவைக்க முயலுதல் கூடாது.

நோய்: இரையாகும் பிராணி தன் நலிவை வெளிக்காட்டாது, நோயின் முதற் சான்று பெரும்பாலும் எடைக் குறைவே. உண்ணாமை, எச்சம் குறைதல், மூக்கொழுகல், வாயில் எச்சில் வடிதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், குறிப்பாக அரை நாளேனும் உண்ணாதிருந்தால், தாமதியாது கால்நடை வைத்தியரை நாடுதல் வேண்டும். பென்சிலின் வகை மருந்துகள் இதன் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்து மரணம் விளைவிக்கக்கூடியவை; ஆதலின் வீட்டிலுள்ள மனித மருந்தை ஊகத்தால் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது.