ஜொகூர் மேற்குக்கரை உலா

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவாரில் தொடங்கி பத்து பகாட், பொந்தியான், குக்குப் வழியாகத் தஞ்சோங் பியாய் முனையில் முடியும் கரையோரப் பயணம். முழுத் தொலைவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். விடியலில் காரில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் கடைசி முனையை எட்டிவிடலாம். வழியின் பெரும்பகுதி கூட்டரசுச் சாலை 5-ஐ ஒட்டியது. மூவாரிலிருந்து பத்து பகாட் சுமார் 50 கிலோமீட்டர், அங்கிருந்து பொந்தியான் சுமார் 70. வடக்கிலிருந்து தெற்கே வருவதே நல்லது. மூவாரில் பசியாறலாம், குக்குப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் கிடைக்கும், வரலாறும் ஏறக்குறைய அதே வரிசையில் வரும்.

நில அமைப்பு

மலாக்கா நீரிணையை ஒட்டிய இக்கரை சேற்றுக்கரை. கடலோரம் கண்டல் காடு, அதற்குப் பின்னே தென்னை, கமுகு, பால்மரம், செம்பனை. கரையோரச் சாலை என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலான தூரத்துக்குக் கடல் கண்ணில் படாது. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில் கிரெயில், அன்ஸ்ட்ரதர், பிட்டன்வீம் போன்ற பழைய மீனவ ஊர்களைச் சுற்றி வருபவருக்கு, சில கிலோமீட்டருக்கு ஒரு கல் துறைமுகம் எதிர்ப்படும். ஜொகூரில் அப்படி நிலைத்த துறை அமையவில்லை. பலகைத் துறைகள் இற்றுப்போயின, கழிமுகங்கள் தூர்ந்தன. ஊர்கள் கடலைப் பார்த்து எழவில்லை, ஆற்றைப் பார்த்து எழுந்தன. மூவார் ஆறும், சிம்பாங் கானான், சிம்பாங் கிரி ஆகிய இரு கிளைகள் கூடி உண்டாகும் பத்து பகாட் ஆறும் இல்லாவிட்டால் இவ்வுலாவில் நின்று பார்க்கப் பாதி இடம்கூட இருக்காது.

மூவார்: தொன்மை

இக்கரையில் எழுத்தில் முதலில் இடம்பெற்ற ஊர்களில் மூவாரே முதன்மையானது. சிங்கப்பூரிலிருந்து விரட்டப்பட்ட பரமேசுவரன் மலாக்காவை நிறுவுமுன் மூவார் ஆற்றங்கரையில் சில ஆண்டுகள் தங்கினான். போர்த்துகீசியரான தோமே பிரேஷ் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு இதையே வேறு விதமாகச் சொல்கிறது: முதலில் தங்கிய இடத்தில் உடும்புகளின் நாற்றம் தாங்கவில்லை, அடுத்த இடத்தில் பகலில் கட்டிய கோட்டை இரவில் இற்று விழுந்தது. இவ்வகைக் கதைகளை ஒதுக்கிவிடுவோர் உண்டு. மண்ணின் ஈரத்தை நேரில் பார்த்தவர் அவ்வளவு எளிதில் ஒதுக்கமாட்டார்.

மலாக்கா சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா 1488-இல் இறந்தபோது அடக்கம் செய்யப்பட்டது ஆற்றின் மேற்பகுதியிலுள்ள பாகோவில். 1511-இல் மலாக்கா வீழ்ந்ததும் சுல்தான் மஹ்முத் ஷா பின்வாங்கியதும் அப்பக்கமே. அவரைத் துரத்திக்கொண்டு போர்த்துகீசியர் ஆற்றுக்குள் வந்தனர். 1604-இல் கழிமுகத்தில் மானுவேல் கொதிஞ்ஞோ தெ எரேதியா ஒரு கோட்டை கட்டினார். போர்த்துகீசியத் தந்தைக்கும் பூகிஸ் தாய்க்கும் பிறந்த இவர் நிலப்படங்கள் வரைந்ததற்காகவே பெரிதும் அறியப்பட்டவர்.

காகிதத்தில் கைமாறிய நிலம்

1855 மார்ச் 10 அன்று ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஜொகூரின் ஆட்சி தெமெங்கோங் பட்டமுடைய டாயெங் இப்ராகிமிடம் போனது. ஜொகூர் சுல்தான் அலிக்குப் பட்டம் மிஞ்சியது. 5,000 ஸ்பானிய வெள்ளி ரொக்கமும், மாதம் 500 வெள்ளி படியும், கெசாங் ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் இடைப்பட்ட சிறு நிலமும் மிஞ்சின. மாதம் 500 வெள்ளி ஒரு சுல்தானின் செலவுக்கு எம்மாத்திரம்? அலி கடன் வாங்கினார்.

கடன் கொடுத்தவர் காவன்னா சானா செல்லப்பா என்ற வட்டித்தொழில் செய்த தமிழர். தொகை 53,600 வெள்ளி. 1860-இல் எழுதிய ஒப்பந்தப்படி மாதப் படியில் ஒரு பகுதியைக் கடனுக்கு ஒதுக்குவதாகச் சுல்தான் ஒப்புக்கொண்டார். தவணை நின்றது. 1866-இல் செல்லப்பா பிரிட்டிஷ் அரசுக்கு முறையீடு எழுதினார். நெருக்கடி முற்றியபோது, கடன் அடையாவிட்டால் மூவார் நிலத்தைத் தெமெங்கோங்குக்கோ பிரிட்டிஷாருக்கோ விற்றுக்கொள்ளும் உரிமையைச் சுல்தான் செல்லப்பாவுக்கே எழுதிக்கொடுத்தார். அரச நிலம் ஒன்று அடமானப் பத்திரத்தில் ஒரு தமிழரின் பெயரோடு சேர்ந்த செய்தி இது. மலாயாத் தமிழர் வரலாறு என்றாலே தோட்டத்து லயத்திலிருந்து தொடங்கும் பழக்கத்தால், தமிழ் நூல்களில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அதேபோல் வட்டித்தொழில் செய்த நகரத்தார் மூவார் நகரில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

1877-இல் அலி காலமானார். அவர் உடல் மலாக்காவின் உம்பாயில் அடக்கமானது. மூவார்த் தலைவர்கள் அப்போது ஜொகூரை ஆண்ட மகாராஜா அபூபக்கரின் பக்கம் சாய்ந்தனர், அல்லது சாய்க்கப்பட்டனர். தந்தையின் நிலத்தைக் கேட்டு மூத்த மகன் துங்கு ஆலம் 1879-இல் ஜெமெந்தாவில் எழுந்தார். அபூபக்கரின் படை அவரை அடக்கியது. உரிமைக்கான இப்போரைக் கலகம் என்று எழுதுவது வென்றவர் பக்கத்து வழக்கம்.

பண்டார் மகாராணி

அபூபக்கரின் ஆட்சியில் கழிமுகத்தில் எழுந்த புதிய நகரமே பண்டார் மகாராணி. உட்பகுதியில் சீனர் மிளகும் கம்பீரும் பயிரிட்டனர், ஜாவாவிலிருந்து வந்தோர் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வற்றவைத்தனர். பாரிட் ஜாவா, பாரிட் ஜாமில் என்று வழிநெடுக வரும் பெயர்கள் அவ்வாய்க்கால்களின் பெயர்களே. விளைபொருளை ஆற்றுத்துறைக்குக் கொண்டுவர 1890-இல் ஒரு குறும்பாதை ரயில் ஓடத் தொடங்கியது. நாட்டின் வேறெந்தத் தண்டவாளத்தோடும் இணையாத அந்த ரயில் 1920களில் லாரிக்குத் தோற்றது.

நகரைச் சுற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். ஜாலான் மகாராணி ஆற்றை ஒட்டிச் செல்கிறது. 1930-இல் கட்டி முடிந்த சுல்தான் இப்ராகிம் பள்ளிவாசல் கரையில் நிற்கிறது. இங்கிலாந்து மாளிகையை நினைவூட்டும் அதன் தூண்களும் சாளரங்களும் அக்கால ஜொகூர் அரண்மனையின் ரசனைக்குச் சான்று. பசியாற மீ பண்டோங், ஒட்டாக் ஒட்டாக் இரண்டும் உண்டு. காலையிலேயே சாத்தே சுடும் ஊர் இது. வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சாப்பிட்ட பின் சிரிப்பதில்லை.

1942

1942 ஜனவரி நடுவில் ஜப்பானியர் மூவார் ஆற்றைக் கடந்தனர். எதிரே நின்றது 45-ஆம் இந்தியக் காலாட்படை பிரிகேடு: கட்வாலியரும் ஜாட்களும் ராஜபுதனப் படையினரும் சேர்ந்தது, போதிய பயிற்சி பெறாதது. உதவிக்கு வந்த ஆஸ்திரேலியப் பட்டாளங்களோடு சேர்ந்து, ஆஸ்திரேலியத் தளபதி சார்லஸ் ஆண்டர்சன் தலைமையில் அவர்கள் பக்ரியிலிருந்து பாரிட் சூலோங் வரை சண்டையிட்டபடியே பின்வாங்கினர். அங்குள்ள பாலம் ஏற்கெனவே எதிரியின் கையில். ஜனவரி 22 அன்று காயம்பட்டோரை அங்கேயே விட்டுவிட்டு நடக்க முடிந்தவர்கள் காட்டுக்குள் புகுந்தனர். கைதான ஆஸ்திரேலியரும் இந்தியருமாகச் சுமார் 150 பேரை ஜப்பானியர் கொன்றனர். அதற்காகப் படைத்தலைவர் நிஷிமுரா 1951-இல் தூக்கிலிடப்பட்டார். ஆண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. போர் நூல்கள் ஆஸ்திரேலியரைப் பெயர் பெயராகச் சொல்கின்றன, இந்தியரைத் தொகையாகச் சொல்கின்றன. பாரிட் சூலோங் கரைச்சாலையில் இல்லை. உட்பகுதிப் பக்கம் திரும்பிச் சென்று பார்க்கவேண்டும்.

பத்து பகாட்

இன்றைய நகரத்தை 1894-இல் நிறுவியவர் டத்தோ பெந்தாரா லுவார் முகமது சாலே பின் பேராங். நில அளவையாளராகிய இவர் ஜொகூரின் நிலப்படத்தை வரைந்தவர்களில் ஒருவர், தன்வரலாறும் எழுதிவைத்தார். நகரின் அலுவல் பெயர் பண்டார் பெங்காராம். கடலோரக் கம்பமான மின்யாக் பெக்குவில் பாறையைக் குடைந்த பழங்கிணறு ஒன்று உள்ளது. மலாக்காவைத் தாக்க வந்த சயாம் படையினர் குடிநீருக்காகக் குடைந்தது என்பது ஊர்க்கதை.

1945-இல் ஜப்பான் சரணடைந்தபின் இம்மாவட்டத்தில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே இரத்தம் சிந்தியது. மலாய்த் தலைவர் கியாய் சாலேயின் செங்கச்சை கட்டிய ஆட்களைப் பேசித் தணித்தவர் மாவட்ட அதிகாரி ஓன் ஜாபார். 1946-இல் அவர் மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் முதல் தலைவரானார்.

பொந்தியான், குக்குப், தஞ்சோங் பியாய்

ரெங்கிட், பெனுட் ஆகிய சிற்றூர்களைக் கடந்தால் பொந்தியான் கெச்சில். பூகிஸ், ஜாவா, சீன மக்கள் கலந்த ஊர். அன்னாசி விளைச்சலுக்குப் பெயர் பெற்ற மாவட்டம் என்பதால் பெக்கான் நானாசில் அன்னாசிக்கென்றே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். குக்குப் சீன மீனவர்கள் நீர்மேல் கால் நாட்டி எழுப்பிய பலகை வீடுகளின் கிராமம். எதிரே 647 ஹெக்டேர் பரப்பில் மனிதர் குடியேறாத கண்டல் தீவான புலாவ் குக்குப் உள்ளது. இத்தீவும் தஞ்சோங் பியாயும் சுங்கை பூலாயும் 2003-இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. தஞ்சோங் பியாய் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. கண்டல் காட்டுக்குள் போட்ட பலகைப் பாதையில் நடந்துபோனால் சிங்கப்பூருக்குப் போகும் கப்பல்கள் தெரியும். பூங்கா வாயிலை மாலையில் மூடிவிடுவதால் குக்குப்பில் உட்காருமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்றைய நிலை

மூவார் 2012-இல் அரச நகரானது. மரத்தளவாடத் தொழில் அங்கும், ஆயத்த ஆடைத் தொழில் பத்து பகாட்டிலும் நடக்கின்றன. குக்குப்பிலிருந்து இந்தோனேசியாவின் காரிமுன் தீவுக்குப் படகுப் போக்குவரத்து இருந்துவந்துள்ளது.