இருப்பவனுக்கு மோதிரம், இறந்தவனுக்குக் கல்

பரம்வீர் சக்கரம் இதுவரை 21 பேருக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களில் 14 பேருக்கு அது இறந்த பிறகே வந்தது. வீட்டார்தான் போய் வாங்கினார்கள். மாண்ட வீரனுக்கும் மார்புப் பதக்கம் என்பது நமக்குப் புதுப் பழக்கம். பழைய தமிழகத்தில் இருப்பவன் கணக்கு வேறு, செத்தவன் கணக்கு வேறு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர், சங்க காலத்தில் மலையமான்கள் ஆண்ட கோவலூர். அந்தக் குடியில் வந்த ஒருவனைப் புறநானூறு 'மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணன்' என்று சொல்கிறது. பெயரின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஏனாதிதான் விருது. படைத்தலைவனுக்கு வேந்தன் அந்தப் பட்டத்தோடு ஒரு மோதிரமும் அணிவிப்பான். ஏனாதி மோதிரம் என்றே அதற்குப் பெயர். இந்த மலையமான்களின் செப்புக்காசுகள் பெண்ணையாற்றுப் படுகையில் கிடைத்திருக்கின்றன: ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மலையும் ஆறும். அந்தக் குடியின் தலைவன் மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றுதான் பெயர். காசைக் கையில் எடுத்தால் நாடும் நாயகனும் ஒன்றாகவே வருவார்கள்.

செத்தவனுக்குக் கல். கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் போனால் பல்லவர் கால நடுகற்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெரும்பாலும் மாடு கவரும் சண்டையில் விழுந்தவர்களுக்கு நட்டவை. எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் நிற்கிறான். கூடவே அவன் நாய். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ராஜாக்கள் பெயரே அழிந்துபோன ஊர்களில் ஒரு நாயின் பெயர் பிழைத்திருக்கிறது.

தலைவனே விழுந்தால்? 949இல் தக்கோலப் போரில் அதுதான் நடந்தது. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டான். சோழர் கல்வெட்டுகளில் அவன் 'ஆனைமேல் துஞ்சிய தேவர்' ஆனான். அவன் படைத்தலைவன் வெள்ளங்குமரன், கேரளத்துக்காரன். பெண்ணைக்கரையில் கிராமம் என்ற ஊரில் 943 வாக்கில் சிவன் கோயிலைக் கற்றளியாக்கியவன். தலைவனோடு சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனம் நொந்த அவன், கங்கையில் நீராடித் திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற துறவியானதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நடுகல்லுக்கும் மோதிரத்துக்கும் நடுவில் அகப்பட்ட மனிதன். எனக்கு இந்தக் கதையில் இவன்தான் பெரியவன்.

இராசாதித்தன் விழுந்த செய்தியை விரிவாகச் சொல்லும் கல்லோ எதிரி நாட்டில், இன்றைய மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் எழுந்தது. தக்கோலத்தில் வீரம் காட்டிய மணலேரனிடம் என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்க, அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்த நாய் ஒரு காட்டுப் பன்றியோடு மோதிச் செத்தது. கல் அந்த நாய்க்கு நட்டது. சோழ இளவரசனின் சாவும் அதே கல்லில்தான் இருக்கிறது. பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம்.