வெள்ளாட்டின் மரபணுத் தோற்றம்

வீட்டு வெள்ளாட்டின் மூதாதை, மேற்கு ஆசிய மலைகளில் வாழும் பெசோவார் காட்டாடு. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் அதைப் பழக்கினர். இளங்கிடாய்களைக் கழித்துப் பெட்டைகளைக் காத்த மந்தை வளர்ப்பை ஈரானின் கஞ்ச் தாரேயில் கிடைத்த எலும்புகள் காட்டுகின்றன.

இன்றைய ஆடுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ‘ஏ’ என்னும் ஒரே தாய்வழிக் கிளையைச் சேர்ந்தவை; ஆகவே தோற்றமும் ஒன்றே என வாதிடலாம். ஆனால் இக்கிளையை அடையாளம் காட்டும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டிஎன்ஏ தாய்வழியை மட்டுமே சொல்லும். ஒரு கிளை பின்னாளில் பரவிப் பிறவற்றை மறைத்திருக்கக்கூடும். 2018இல் வெளியான தொல்மரபணு ஆய்வு இந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தது: புதிய கற்கால லெவன்ட், அனத்தோலியா, ஈரான் ஆடுகள் வெவ்வேறு காட்டுக் கூட்டங்களின் மரபைக் கொண்டிருந்தன. எனவே வெள்ளாடு பல ஊற்றுகள் கலந்த ஆறு. அந்தப் பன்மையைத் தாங்கும் நாட்டினங்களைக் காப்பது நம் கடமை.