கொச்சியில் ஒரு 'இம்பாசிபிள்' லெவல்

போன மாதம் கோவில்பட்டியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, மாஸ்டர் ஆஃப் ஓரியன்ல இம்பாசிபிள் லெவலை ஜெயிச்சிட்டேன்!" பையனுக்குப் பத்தொன்பது வயது. விளையாட்டு வந்தது 1993-ல். தன்னைவிட மூத்த விளையாட்டில் ஜெயித்த சந்தோஷம் அவனுக்கு.

நான் வங்கிக்காரன். யாராவது பெரிய தொகை ஒன்றைச் சொன்னால், செக்யூரிட்டி என்ன என்று கேட்டுத்தான் பழக்கம். "எந்த மேப்புடா? எத்தனை எதிரி? நீ எந்த இனம்?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஹியூஜ் மேப். ஒரே எதிரி. நான் சைலான்."

சைலான் என்றால் ஆராய்ச்சியில் பிறவிப் புலி. ஹியூஜ் மேப்பில் 108 நட்சத்திரங்கள். ஒரே ஒரு எதிரி, அவனும் மறுகோடியில். அவன் நம் எல்லைக்கு வந்து சேருவதற்குள் பாதி வானத்தைப் பட்டா போட்டுவிடலாம். "போடா, 24 நட்சத்திர ஸ்மால் மேப்பில் ஐந்து எதிரியோடு ஆடிட்டு அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. அவன் ஆடியதும் பொய்யில்லையே. பெயர்ப்பலகையில் 'இம்பாசிபிள்' என்றுதானே போட்டிருந்தது!

அன்று மாலை மட்டாஞ்சேரி ஜெட்டிப் பக்கம் நடக்கும்போது தோன்றியது: இதே கேள்வியை இந்த ஊரிடமே கேட்கலாமே. 1504-ல் இங்கே ஒருவர் 'இம்பாசிபிள்' ஜெயித்ததாக ஐந்நூறு வருடமாக எழுதிவருகிறார்கள். அவருடைய மேப் என்ன, எதிரி யார்?

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். நிலப்படத்தில் படை நகர்த்தும் ஆட்டத்தை 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி ராணுவப் பயிற்சியாகவே கொண்டுவந்தார். சதுரங்கத்தில் 64 கட்டம், அது என்றைக்கும் மாறாது. இவர் காடு, ஆறு, மேடு உள்ள நிஜ வரைபடத்தை மேஜையில் விரித்தார். இடம் மாறினால் ஆட்டமே மாறும் என்பது அங்கிருந்துதான் வருகிறது. விண்வெளிக்கு வந்தால், 1983-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து 'ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ்'. பத்து வருடம் கழித்து ஸ்டீவ் பார்சியா குழுவின் மாஸ்டர் ஆஃப் ஓரியன். அதைப் பற்றி எழுதும்போதுதான் ஆலன் எம்ரிச் என்ற பத்திரிகையாளர் 'நான்கு எக்ஸ்' என்ற பெயரை வைத்தார்: தேடு, பரவு, சுரண்டு, அழி. இந்த நான்கு வினைச்சொற்களையும் படித்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது வாஸ்கோ ட காமாதான் :-)

பி.காம். படிக்கும்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து இதை ஆடியிருக்கிறேன். அப்போது கற்றது ஒன்று. கடினம் என்பது லெவல் பெயரில் மட்டும் இல்லை. இம்பாசிபிளில் எதிரிக்குப் புத்தி கூடுவதில்லை, உற்பத்தியில் சலுகைதான் கூடுகிறது. அந்தச் சலுகை நம்மேல் வந்து விழுமா விழாதா என்பதை மேப்தான் தீர்மானிக்கும். தொடக்கத்தில் கப்பல்களின் எரிபொருள் மூன்று பார்செக் தூரத்துக்குத்தான் வரும். அதற்குள் நட்சத்திரம் இல்லையென்றால் எதிரி எவ்வளவு பலசாலியானாலும் வர முடியாது. நெபுலா என்ற மேகத்துக்குள் போனால் கவசம் வேலை செய்யாது, வேகமும் போய்விடும். 2016-ல் வந்த ஸ்டெல்லாரிஸில் பாதைகள் எத்தனை என்பதையே நாம் முன்கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். பாதை குறைந்தால் முடுக்கு கூடும். முடுக்கில் நின்றால் பத்துப் பேர் நூறு பேரைத் தடுக்கலாம்.

சரி, கொச்சிக்கு வருவோம்.

இந்த ஊரின் மேப்பே 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில் உருவானது என்பார்கள். முசிறித் துறைமுகம் தூர்ந்தது, கொச்சியில் கடல்வாய் திறந்தது. தீவு, காயல், சதுப்பு, நடுவில் நூல் மாதிரி நீர்வழிகள். அரசருக்குச் செல்வம் பெரிதாக இல்லை. கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கு அடங்கியவர். 1500-ல் காப்ரால் கோழிக்கோட்டில் சண்டை போட்டுக்கொண்டு இங்கே வந்து மிளகு வாங்கினார். கொச்சி அரசருக்கு அது பெரிய வாய்ப்பு. புதிய வாடிக்கையாளர், கையில் பீரங்கி.

1503-ல் சாமூதிரி, உன் ஊரில் இருக்கும் பறங்கிகளை ஒப்படை என்றார். அரசர் மறுத்தார். இடப்பள்ளித் தலைவர் சாமூதிரி பக்கம் போனார். நீர்த்துறை ஒன்றில் நடந்த சண்டையில் பட்டத்து இளவரசர் நாராயணனும் இன்னும் இரண்டு இளவரசர்களும் செத்தார்கள். ஊர் எரிந்தது. அரசர் பறங்கிகளையும் கூட்டிக்கொண்டு வைப்பின் தீவுக்கு ஓடினார். அப்போதும் ஒப்படைக்கவில்லை.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடன் வாங்கியவன் வருவானா என்று தெரியாமல், தன் வாரிசையே இழந்தபிறகும் கையெழுத்தைத் திரும்ப வாங்காத ஒருவர். செப்டம்பரில் பிரான்சிஸ்கோ டி அல்புகெர்க்கின் கப்பல்கள் வந்தன. அரசரை மீண்டும் உட்கார வைத்தார்கள். கைம்மாறாகக் கோட்டை கட்ட இடம். தென்னை மரத்தடிகளை நட்டுக் கட்டியது, மானுவல் கோட்டை. இன்றைக்கு நாம் சுண்டல் தின்றுகொண்டு சீனவலை பார்க்கும் கடற்கரைப் பக்கம்தான்.

1504 தொடக்கத்தில் கப்பல்கள் மிளகோடு கிளம்பிப் போய்விட்டன. விட்டுப்போனது துவார்த்தே பஷெக்கோ பெரைரா என்ற தளபதி, ஏறக்குறைய நூற்றைம்பது பேர், ஒரு பெரிய கப்பல், ஓரிரு காரவெல், சில படகுகள். எதிரே சாமூதிரியும் கூட்டாளிகளும். எத்தனை பேர்? ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் எழுதுகிறார்கள், எண்பதாயிரத்தைத் தாண்டுபவர்களும் உண்டு.

கேட்டால் புல்லரிக்கிறது. இப்போது மேப்பைப் பாருங்கள்.

கொச்சி நகரம் இருப்பது மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த நாக்கு. கிழக்கிலிருந்து தரைப்படை வர வேண்டுமென்றால் கும்பளம், பள்ளுருத்தி பக்கத்து ஆழமற்ற துறைகளைக் கடந்தாக வேண்டும். (கும்பளத்தில் இப்போது பைபாஸ் டோல்கேட். ஐந்நூறு வருடம் கழித்தும் அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம்.) எண்பதாயிரம் பேரும் ஒரே சமயத்தில் துறையில் இறங்க முடியாது. சில நூறு பேர்தான் முன்னால் நிற்க முடியும், அவர்கள் கையில் பெரும்பாலும் வாளும் வில்லும். எதிரே கப்பல் பீரங்கி.

அதைவிட முக்கியம் ஓதம். ஏற்றத்தில் படகு வரலாம், ஆள் நடக்க முடியாது. இறக்கத்தில் ஆள் நடக்கலாம், படகு தட்டும். ஒரே நேரத்தில் இரண்டு வழியிலும் தாக்க முடியாது என்றால், ஒரே சிறுபடை மாறி மாறி இரண்டையும் காக்கலாம். பஷெக்கோ துறையில் கூர்முனைக் கழிகளை அடித்து வைத்தார், தண்ணீரின் நேரம் பார்த்து இடம் மாறினார். மனிதர் பின்னாளில் எழுதிய கப்பலோட்டும் நூலில் ஓதத்தைப் பற்றிய குறிப்புகள் உண்டு. மேப் படிக்கத் தெரிந்தவர், அதை மறுக்க முடியாது.

எதிரியும் முட்டாள் இல்லை. சாமூதிரிக்கு இரண்டு இத்தாலியர்கள் பீரங்கி வார்த்துக் கொடுத்தார்கள். துறையில் வழி கிடைக்காததும், படகுகளை இரண்டிரண்டாகக் கட்டி மேலே மரக்கோபுரம் எழுப்பி அனுப்பினார்கள். பஷெக்கோ கப்பலுக்கு முன்னால் மரங்களைப் பிணைத்து மிதக்கவிட்டு அவற்றை எட்டவே நிறுத்தினார். இதற்கிடையில் சாமூதிரியின் முகாமில் கொள்ளைநோய், அதன்மேல் தென்மேற்குப் பருவமழை. மார்ச்சில் தொடங்கியது ஜூலையில் ஓய்ந்தது. செப்டம்பரில் லோப்போ சோவாரெஸ் புதிய கப்பல்களோடு வந்துவிட்டார்.

ஆக, ஸ்மால் மேப், சலுகை பெற்ற எதிரி, ஆனால் பாதை குறைவு. அதோடு கெடுவும் உண்டு, மழைவரை தாக்குப்பிடித்தால் போதும். 'ஜெயித்தார்' என்பதைவிட 'தோற்கவில்லை' என்பதே சரியான பதிவு. அதுவும் லேசான காரியமில்லை. என் மருமகனின் ஹியூஜ் மேப்போடு இதை ஒப்பிட மாட்டேன், அவன் கோபித்தாலும்.

என் சந்தேகம் கணக்கில்தான். இந்தச் சண்டையை விரிவாக எழுதிய காஸ்டன்யேடாவின் முதல் நூல் 1551-ல் அச்சானது, பாரோஸின் முதல் பாகம் 1552-ல். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இருவருமே போர்ச்சுக்கீசியர், பாரோஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. எதிரியின் தலையை எண்ணியது யார்? ஒரே தரப்பின் பேரேட்டை வைத்துக்கொண்டு ஒரு வவுச்சர்கூட நான் பாஸ் செய்ய மாட்டேன். அந்தப் பேரேட்டில் கொச்சி நாயர்கள் பயந்து ஓடியதாக வருகிறது. ஓடியவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஊர்க்காரர் உதவியில்லாமல் எந்தத் துறையில் எப்போது எவ்வளவு தண்ணீர் என்று வெளிநாட்டுக்காரருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அரிசியும் படகும் யாருடையவை? முந்தைய வருடம் இதே பகுதியில் செத்த மூன்று இளவரசர்கள் ஆட்டம் தொடங்குமுன் கழிந்துபோன கணக்காகிவிட்டார்கள். கதையில் மிஞ்சியது நூற்றைம்பது பேர்.

பஷெக்கோவும் சுகப்படவில்லை. லிஸ்பனில் ஊர்வலம், மரியாதை எல்லாம் கிடைத்தது. பிறகு ஆப்பிரிக்காவின் மினா கோட்டைக்கு ஆளுநராகப் போனவரைக் குற்றம்சாட்டி விலங்கிட்டுக் கொண்டுவந்தார்கள். விடுவித்தபிறகும் வறுமை, 1533-ல் இறந்தார். 1572-ல் கமாயிஷ் தன் காவியத்தில் அவரை அக்கிலீஸ் என்று புகழ்ந்தது அவருக்குத் தெரியாது. கொச்சி அரசருக்குச் சாமூதிரி தொல்லை போனது, வேறு முதலாளி வந்தார். 1555-ல் அந்த முதலாளிகள் கட்டிக்கொடுத்த அரண்மனை மட்டாஞ்சேரியில் இருக்கிறது. 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் அதைப் பழுதுபார்த்தார்கள், ஊர்க்காரர்கள் டச்சு அரண்மனை என்றே சொல்கிறார்கள். கட்டியவன் பெயர்கூட மிஞ்சவில்லை.

மருமகனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "மாமா, அப்ப நீங்க சாமூதிரியா ஆடினா எப்படி ஜெயிப்பீங்க?" என்றான்.

நல்ல கேள்வி. ஓதத்தோடு மல்லுக்கட்டாமல் கடல்வாயை அடைத்திருக்கலாமோ? பருவமழைக்கு முன் நேரம் போதுமா? அடுத்த ஞாயிறு பள்ளுருத்திப் பக்கம் போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறேன். ஆனால் 1920-ல் பிரிஸ்டோ துரை வந்து கடல்வாயைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி வெலிங்டன் தீவையே எழுப்பிவிட்டுப் போனார். அன்றைய மேப் இப்போது முழுசாக இல்லை.