ஆசிரியரைத் தேடியவரும் வேலை காட்டியவரும்

யூபிலி என்றாலே நன்றி கூறும் காலம். நன்றிக்கு அடையாளமாகப் பதக்கம் அளிக்கும் வழக்கம் நம் திருச்சபையிலும் உண்டு. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தம் குருத்துவப் பொன்விழாவின் நினைவாக, 1888 ஜூலை 17 அன்று, ‘திருச்சபைக்காகவும் திருத்தந்தைக்காகவும்’ என்று பொருள்படும் இலத்தீன் பெயரில் ஒரு சிலுவைப் பதக்கத்தை ஏற்படுத்தினார். அதே 1888இல்தான் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் என்ற பிரெஞ்சுக் குருவுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 31இல் தூரின் நகரில் தொன் போஸ்கோ இறைவனடி சேர்ந்தார். செப்டம்பர் 5இல் திருத்தணியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்தார். தற்செயலான ஒற்றுமையே, ஆயினும் நாம் சொல்ல வந்த செய்திக்கு இந்நால்வரும் வேண்டியவர்கள்.

நம் நாட்டில் ஆசிரியர்களுக்கான தேசிய விருது 1958இல் தொடங்கப்பட்டது. இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962 முதல் அவர் பிறந்த நாள் ஆசிரியர் தினமாயிற்று. நல்லாசிரியர் விருது என்றால் நம் ஊர்களில் தனி மதிப்பு. விருது பெற்றவர் பேருந்தை விட்டு இறங்கும்போதே மாலையோடு காத்திருப்போம். ஆனால் அந்தத் தேசிய விருதின் விதிகளில் பலர் கவனியாத ஒரு வரி உண்டு. ஆசிரியரும் தலைமையாசிரியரும் விண்ணப்பிக்கலாம். கல்வி நிர்வாகிகளும் கல்வி ஆய்வாளர்களும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தாரும் அவ்விருதுக்கு உரியவரல்லர். வகுப்பறையில் நிற்பவருக்கே விருது சேர வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த நல்லாசிரியரைத் தேடிப் பிடித்து நியமித்தவரின் நிலை என்ன? பள்ளியிறுதி முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பையனை அழைத்து, “நீ ஐ.டி.ஐ.க்கு மனு போடு” என்று வழிகாட்டியவரின் நிலை என்ன?

இவ்விரு பணிகளுக்கும் விருது வந்தது மிகவும் பிந்தித்தான். மாவட்ட, வட்டாரக் கல்வி அலுவலர்களின் நிர்வாகப் பணியைப் பாராட்டும் தேசிய விருதை டில்லியிலுள்ள கல்வித் திட்டமிடல், நிர்வாகப் பல்கலைக்கழகம் 2014இல்தான் தொடங்கியது. அமெரிக்காவில் மாணவருக்கு மேற்படிப்பும் வேலையும் பற்றி ஆலோசனை கூறுவோரின் சங்கம் 1952இல் தோன்றியது. ஆண்டின் சிறந்த பள்ளி ஆலோசகர் என்ற விருதை அது வழங்கத் தொடங்கியதோ 2008இல். 2015இல் அவ்விழா வெள்ளை மாளிகையிலேயே நடந்தது. திருமதி மிஷெல் ஒபாமா அதிபரின் துணைவியாராக ஆற்றிய கடைசி உரையும் 2017 ஜனவரி 6இல் அந்த ஆலோசகர்களின் விழாவில் ஆற்றியதே.

திருச்சபை இவர்களுக்கெல்லாம் முந்திக்கொண்டது. பதக்கத்தால் அன்று, பாதுகாவலர் என்னும் பட்டத்தால்.

லசால் 1651இல் ரேம்ஸ் நகரில் செல்வக் குடியில் பிறந்தவர். அந்நகரப் பேராலயத்தில் மானியமுள்ள பதவியில் இருந்தவர். பள்ளி நடத்த வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதே இல்லை. 1679இல் ஏழைச் சிறுவருக்குப் பள்ளி தொடங்க அத்ரியன் நியேல் என்பவர் அந்நகருக்கு வந்தார். அவருக்கு உதவப்போய் லசால் அகப்பட்டுக்கொண்டார் என்றே சொல்லலாம். பள்ளிக்கு இடம் கிடைத்தது, பிள்ளைகள் வந்தனர், நல்ல ஆசிரியர்தாம் கிடைக்கவில்லை. கிடைத்தவரும் பயிற்சியற்றவர், நாகரிகம் அறியாதவர், சில மாதங்களில் ஓடிவிடுபவர். அவர்களைத் தம் வேலைக்காரனுக்கும் கீழாகவே முதலில் மதித்ததாக லசாலே பின்னர் எழுதி வைத்துள்ளார். அப்படிப்பட்டவர் அவர்களைத் தம் உணவு மேசைக்கு அழைத்தார். 1681 ஜூன் 24இல் தம் வீட்டிலேயே குடியமர்த்தினார். உறவினர் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே அவர் தம் பரம்பரை வீட்டை விட்டு ஆசிரியர்களுடன் வாடகை வீட்டுக்குச் சென்றார்.

இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும். இறைவனின் பராமரிப்பை நம்புங்கள் என்று அவர் ஆசிரியர்களுக்குப் போதித்தபோது, அவர்கள் ஒளிவுமறைவின்றித் திருப்பிக் கேட்டார்கள்: உமக்குச் சொத்தும் இருக்கிறது, மானியமும் இருக்கிறது, பள்ளி மூடினால் நாங்கள் அல்லவா தெருவில் நிற்போம்! எந்த நிர்வாகிக்கும் கோபம் வரக்கூடிய கேள்வி. லசால் கோபிக்கவில்லை. 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் சொத்தை ஏழைகளுக்கு உணவாகப் பகிர்ந்தளித்தார். அதன் பின் அவரும் ஆசிரியர்களும் ஒரே நிலையினர். கிராமப் பள்ளி ஆசிரியருக்கென அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளிகளும், பிள்ளைகளுக்கு இலத்தீனில் அன்றித் தாய்மொழியில் முதலில் வாசிக்கக் கற்பித்ததும் தனிக் கட்டுரைக்குரியவை. 1719இல் மறைந்த அவரை 1900இல் புனிதர் என அறிவித்தார் திருத்தந்தை சிங்கராயர். 1950 மே 15இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஆசிரியர் அனைவருக்கும் அவரைப் பாதுகாவலராக நியமித்தார்.

இனி, வேலை காட்டியவர். தொன் போஸ்கோவை விளையாட்டுக்கும் வித்தைக்கும் பேர் போன புனிதராகவே நம் சிறுவர் அறிவர். அவர் முத்திரைத் தாளில் எழுதிய ஒப்பந்தங்களைப் பற்றி அறிந்தவர் சிலரே. கிராமங்களிலிருந்து தூரினுக்குப் பிழைக்க வந்த சிறுவரைப் பட்டறை முதலாளிகள் மாடாய் உழைக்க வைத்த காலம் அது. தொன் போஸ்கோ வேலை நாட்களில் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே நேரில் போவார். நல்ல முதலாளியாகத் தேடிச் சேர்ப்பார். வாய்ப்பேச்சு போதாது என்று கண்டபின் எழுத்தில் வாங்கத் தொடங்கினார். 1852 பிப்ரவரி 8ஆம் தேதியிட்ட ஒன்று, ஒரு சிறுவனைத் தச்சரிடம் சேர்த்த ஒப்பந்தம். தச்சர் தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும், தவறு செய்தால் வாயால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலை ஏவக் கூடாது, திருநாட்களில் விடுப்பு, கூலி படிப்படியாக உயர வேண்டும். மறு ஆண்டே அவர் தம் இல்லத்தில் செருப்புத் தைத்தலும் தையலும் கற்பிக்கும் பட்டறைகளைத் தொடங்கினார்.

1934இல் புனிதரான இவரை 1958இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் இத்தாலியின் தொழில் பயிலும் இளைஞருக்குப் பாதுகாவலராக்கினார். நம் நாட்டில் ஆசிரியருக்கான தேசிய விருது பிறந்ததும் அதே ஆண்டுதான்! 1989இல் திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் அவருக்கு ‘இளைஞரின் தந்தையும் ஆசானும்’ என்ற பட்டத்தைச் சூட்டினார். அவர் பிள்ளைகளான சலேசிய குருக்கள் 1906 ஜனவரியில் தஞ்சைக்கு வந்து அனாதைச் சிறுவரைப் பேணியதால், இந்த வரலாறு தமிழ் மண்ணுக்கும் உரியதே.

நிற்க. நம் பங்குப் பள்ளிகளில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தாளாளர்களாகிய குருக்கள் கையிலும் கன்னியர் கையிலும் இருந்து வந்துள்ளது. அரசு உதவி பெறும் பள்ளியில் சம்பளம் அரசுடையது, தேர்வு நிர்வாகத்துடையது. அந்த நாற்காலியில் இருப்பவர் மீது எத்தனை கைகள் விழும் என்பது நமக்குத் தெரியாததல்ல. சிபாரிசுக் கடிதம் வரும். சொந்தக்காரர் வருவர். நம்மவனா என்று சாதியைக் கேட்போர் வருவர். சில இடங்களில் பணமும் பேசியதுண்டு. யூபிலி மலர் என்பதற்காக இதை மறைத்து எழுதுவது நமக்குச் சரியாகப் படவில்லை. இவ்வளவையும் தாண்டி, கூரை வீட்டிலிருந்து தகுதி ஒன்றோடே வந்த விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்திட்ட தாளாளர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கேடயம் கிடைத்திருக்காது. மாறாக மனத்தாங்கலே மிஞ்சியிருக்கும். அவர்கள் நியமித்த ஆசிரியரிடம் படித்தவர்கள்தாம் இன்று நம்மில் பாதிப்பேர்.

வேலை காட்டியவர்களின் கதையோ இன்னும் எளியது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யப் பேருந்துச் செலவுக்குக் காசு கொடுத்த பங்குக் குரு, விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து தாமே நிரப்பிக் கொடுத்த உபதேசியார், செவிலியர் பயிற்சிக்கு இடம் இருக்கிறது என்று வீடு தேடி வந்து சொன்ன அருட்சகோதரி. இவர்களுள் ஒருவரையேனும் அறியாத குடும்பம் நம் பங்கில் இராது.

யூபிலி நன்றித் திருப்பலியின் மன்றாட்டில் இவ்விரு வகையினரின் பெயர்களையும் வாசிக்க எண்ணியுள்ளோம். உங்களுக்கு நினைவிருக்கும் பெயர்களைத் தாளில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். பெயர் மறந்திருந்தால், எந்தப் பள்ளியில், எந்த ஆண்டு, யாருக்கு என்ன செய்தார் என்று எழுதினாலே போதும். பழைய பதிவேடுகளைப் பார்த்துப் பெயரை நாங்கள் கண்டுபிடித்துக் கொள்கிறோம்.